ஜியாகிரபி படிக்கும் மகளை டீச்சர் ஆக்கலாமா?

ஐயா, மேலூரிலிருந்து மகளோடு வந்திருந்தீர்கள். பி.எஸ்சி. புவியியல் இரண்டாம் ஆண்டு. "மேப் போடுற வேலைக்குப் பெங்களூர்தான் போகணுமாம், இங்க என்ன கிடைக்கும்?" என்று கேட்டீர்கள். அன்று கூட்டம், நிதானமாகப் பேச முடியவில்லை.

கம்ப்யூட்டரில் மேப் போடும் ஜிஐஎஸ் நல்ல துறைதான். ஆனால் வைகை வருசநாட்டு மலையில் பிறந்து, பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுவதை உங்கள் மகள் என் மேஜையில் விரலால் வரைந்து காட்டினாள். அப்போதே எனக்குத் தோன்றியது, இந்தப் பிள்ளை வகுப்பறைக்குப் போகவேண்டியவள்.

திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் கடைசி வாரம். புவியியல் படித்த ஒரு பயிற்சி ஆசிரியை மைதானத்தில் ஒரு பிவிசி குழாயை நேராக நட்டு வைத்தார். நிழல் சுருங்கிச் சுருங்கி 12.19க்குக் குழாயின் அடிக்குள்ளேயே போய்விட்டது. "உச்சின்னா 12 மணிதானே மிஸ்?" என்றான் ஒரு பையன். நம் கடிகாரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் இருப்பதோ 78க்குப் பக்கத்தில், ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று மண்ணிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் சாப்பாட்டு மணி அடித்தும் நகரவில்லை. சமூக அறிவியலை வரலாறு படித்தவர்களே நடத்தும் பள்ளிகள் நிறைய. அங்கே அட்சரேகையும் தீர்க்கரேகையும் மனப்பாடமாகவே போய்விடுகின்றன. அதுதான் என் ஆதங்கம்.

சரி, வழி என்ன? டிகிரி முடித்து இரண்டு வருட பி.எட். அப்புறம் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். 150 மதிப்பெண்ணில் சமூக அறிவியலுக்கு 60. அதில் வரலாறு, குடிமையியல், பொருளியலும் உண்டு. புவியியல் பிள்ளைகள் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை சமச்சீர் புத்தகங்களை இப்போதிருந்தே படிக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) நடத்தும் தேர்வில் பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் புவியியல் தனிப் பாடம். மேல்நிலை வகுப்புக்குப் போக நினைத்தால் எம்.எஸ்சி.யும் புவியியலிலேயே இருக்கட்டும். பாடத்தை மாற்றினால் பிறகு சிக்கல்.

ஒன்றை மறைக்கமாட்டேன். அரசுப் பணிக்கான அறிவிப்பு வருடா வருடம் வராது. காத்திருக்கும் காலத்தில் தனியார் பள்ளிச் சம்பளம் உங்களுக்குக் குறைவாகத்தான் தெரியும். வீட்டில் அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள், "இதுக்கா படிச்ச" என்ற பேச்சு மட்டும் வேண்டாம்.

முடிவை இன்றே எடுக்கவேண்டியதில்லை. சனி, ஞாயிறு மாலையில் உங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேருக்கு அவள் அட்லஸ் சொல்லிக்கொடுக்கட்டும். ஒரு மாதம் கழித்து அவளைத் தனியாக அனுப்புங்கள். பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை அவள் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன்.