ராமநாதபுரம் கரையில் மவுண்டன் பைக்: மணல், முள், உப்பு பற்றிய கேள்வி பதில்

உச்சிப்புளியில் இருந்துகொண்டு பதினான்கு வருடமாக மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பல நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வருபவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் நம் கரையில் ஓட்டித் தெரிந்துகொண்டவை. மலைநாட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

ராமநாதபுரம், கல்லூரி மாணவர்: அண்ணே, நம்ம மாவட்டத்தில் மலையே இல்லை. மவுண்டன் பைக் வீண் செலவு என்று வீட்டில் சொல்கிறார்கள்.

தார் ரோட்டில் மட்டும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் வீட்டில் சொல்வது சரி தம்பி. மெல்லிய டயர் போட்ட ஹைப்ரிட் சைக்கிள் போதும், வேகமும் கூடுதலாக வரும்.

ஆனால் மவுண்டன் பைக் என்பது ரோடு இல்லாத இடத்துக்கான வண்டி. நெதர்லாந்தில் மலை கிடையாது. அங்கே எக்மண்ட் என்ற கடலோர ஊரில் ஜனவரிக் குளிரில் 36 கிலோமீட்டர் கடற்கரை மணலிலேயே மவுண்டன் பைக் ரேஸ் நடத்துகிறார்கள். காற்றும் மணலும்தான் அங்கே ஏற்றம். நம்மிடம் அவை இரண்டும் உண்டு. போதாததற்குப் பனங்காட்டு ஒற்றையடிப் பாதை, கண்மாய்க் கரை, உப்பள வரப்பு எல்லாம் இருக்கின்றன. உச்சிப்புளியிலிருந்து பனங்காட்டு வழியாக அரியமான் கடற்கரைக்கு ஒரு காலை ஓட்டிப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

கீழக்கரை, கடை வைத்திருப்பவர்: காக்கா, இருபதாயிரத்துக்குள் முன்னும் பின்னும் ஷாக் உள்ள வண்டி ஒன்று பார்த்தேன். நாலு அங்குல டயர் போட்ட ஃபேட் பைக்கும் அதே விலையில் கிடைக்கிறது. எதை எடுக்கலாம்?

இரண்டும் வேண்டாம் தம்பி. அந்த விலையில் வரும் பின் ஷாக் வெறும் எடைதான். அது அசையும் மூட்டுகளில் உப்புக் காற்று புகுந்து ஒரே வருடத்தில் கிறீச்சிட ஆரம்பித்துவிடும். ஃபேட் பைக் புதைமணலில் உண்மையிலேயே நன்றாக மிதக்கும். ஆனால் மலிவான ஃபேட் பைக் பதினைந்து கிலோவுக்கு மேல் கனக்கும். கீழக்கரையிலிருந்து சேதுக்கரை போய்த் திரும்புவதற்குள் தொடை எரியும்.

அலுமினியச் சட்டம், டிஸ்க் பிரேக், குறைந்தது 2.2 அங்குல டயர் நுழையும் இடைவெளி, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க் ஷாக் இல்லாமல் சாதாரணமாக. இந்த நான்கும் இருக்கிற வண்டியைத் தேடுங்கள். நம் மணலுக்கு ஷாக் தேவையே இல்லை. டயரில் இருக்கும் காற்றுதான் நமக்கு ஷாக். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் இரண்டு வாங்குங்கள்.

மண்டபம், மீன் வியாபாரம் செய்பவர்: மணலில் இறங்கினால் பத்தடிக்குள் முன் சக்கரம் புதைந்து விழுகிறேன். என்ன தப்பு?

முதல் தப்பு காற்றழுத்தம். கடையில் கல் மாதிரி அடித்துக் கொடுப்பார்கள். என் எடை 70 கிலோ, டயர் 2.25 அங்குலம், டியூப்லெஸ், அதாவது உள்ளே டியூப் இல்லாதது. கட்டாந்தரையில் 28 பிஎஸ்ஐ வைப்பேன், மணலுக்கு 16 வரை இறக்குவேன். டியூப் போட்ட டயர் என்றால் 22-க்குக் கீழே போக வேண்டாம். கல்லில் இடித்தால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். ரோடு ஏறியதும் திரும்ப அடித்துக்கொள்ளக் கைப்பம்பு கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது, நீங்கள் மணலுக்குள் போன பிறகு கியர் மாற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மணல் தொடங்கும் முன்பே லேசான கியருக்கு வந்துவிடுங்கள். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்து, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், ஒரே சீராக மிதியுங்கள். முன் சக்கரம் இங்கும் அங்கும் அலையும். அலையட்டும், அதை இழுத்துத் திருத்தப் போகும்போதுதான் விழுகிறோம். முன் பிரேக்கைத் தொடவே கூடாது.

மூன்றாவது, இடம். அலை வந்து போன ஈர மணல்தான் ஓட்டுவதற்கு. நம் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அந்த ஈரப் பட்டை அகலமாக இருக்காது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும்போது வடகடல் (பாக் நீரிணை) அமைதியாக இருக்கும், வடகிழக்கு வாடைக் காலத்தில் நேர்மாறு. அமைதியாக இருக்கிற பக்கம் போங்கள். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தேவிபட்டினம், ஆசிரியர்: வாரம் இரண்டு பஞ்சர். சீமைக் கருவேல முள்ளுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது சார். முதலில், டியூப் மாற்றும்போது முள்ளை எடுக்காமல் விடுகிறீர்களா என்று பாருங்கள். கருவேல முள் டயருக்குள் போய் நுனி ஒடிந்து நின்றுவிடும், வெளியே தெரியாது. டயரின் உட்பக்கத்தை ஒரு பஞ்சால் சுற்றிலும் துடையுங்கள். நுனி இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டும். விரலால் தடவினால் கையில் ஏறிவிடும்.

அதன் பிறகு டியூப்லெஸ் ஆக்கி ரப்பர் பால் சீலண்ட் ஊற்றுங்கள். முள் குத்திய ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், பார்த்து மறுபடி ஊற்ற வேண்டும். டியூப்லெஸ் செலவு கட்டாது என்றால், வால்வின் நடுப்பகுதி கழலுகிற டியூப் வாங்கி அதற்குள்ளேயே ஊற்றலாம்.

சீலண்டுக்கு அடங்காதது பனங்கருக்கு. மட்டையின் அரம்பப் பல் டயரின் பக்கவாட்டை அப்படியே கிழித்துவிடும். காலியான பற்பசைக் குழாயின் தகட்டில் ஒரு துண்டு வெட்டிப் பையில் வைத்திருங்கள். கிழிசலுக்கு உள்ளே வைத்து டியூப் போட்டால் வீடு வந்து சேரலாம். கடலோரம் ராவணன் மீசைப் புதரையும் சுற்றிப் போங்கள். அது புல்தான், ஆனால் ஊசிக்கட்டு மாதிரி குத்தும்.

பாம்பன், மாணவி: அண்ணா, வண்டி வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. வாரம் தவறாமல் கழுவியும் செயின், போல்ட் எல்லாம் துரு. ஏன்?

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று கேட்க வேண்டும் தங்கச்சி. போர் தண்ணீர் என்றால் அதுதான் காரணம். நம் கரையில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. கடல் உப்பைக் கழுவிவிட்டுக் கிணற்று உப்பைப் பூசுகிற மாதிரி ஆகிவிடும்.

குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரைச் சைக்கிளுக்கு ஊற்ற மனசு வராது, எனக்கும் வராது. அதனால் நான் செய்வது இது: செடிக்கு மருந்து அடிக்கும் கைத்தெளிப்பான் ஒன்றைப் புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிடுவேன். பிறகு நல்ல தண்ணீர் இரண்டு லிட்டரை மேலிருந்து கீழாகத் தெளிப்பேன். செயின், கியர், போல்ட் தலை, பிரேக் ஆகிய இடங்களுக்குத்தான் பெரும்பகுதி. உடனே பழைய துணியால் துடைத்து நிழலில் காயவைப்பேன். கடற்கரை போன அன்றே இதைச் செய்ய வேண்டும், ஞாயிறு வரை தள்ளக் கூடாது. சர்வீஸ் சென்டரில் வாட்டர் வாஷ் விடாதீர்கள். அந்த வேகத்தில் தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும்.

இன்னொன்று. சீட் கம்பியை மாதம் ஒருமுறை கழற்றிக் கிரீஸ் தடவிப் போடுங்கள். என் முதல் அலுமினிய வண்டியில் எட்டு மாதம் அதைத் தொடவில்லை. உள்ளே வெள்ளைப் பொடி பூத்துக் கம்பி சட்டத்தோடு ஒட்டிப்போனது. கடைசியில் ரம்பத்தால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. பெடல் மரைக்கும் இதே கிரீஸ்தான்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கச் சாதாரண ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து 12 அங்குலம் அளந்தால் புதுச் செயினில் சரியாக இன்னொரு பின்னின் நடுவில் முடியும். 1/16 அங்குலம் தள்ளிப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும்.

ஏர்வாடி: செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா?

கூடாது. நாளடைவில் பிசின் மாதிரி இறுகி மணலைப் பிடித்துக்கொள்ளும். மெழுகு வகை உலர் எண்ணெய் போடுங்கள், போட்ட பிறகு செயினின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள்.

ராமேஸ்வரம்: அரிச்சல்முனை போகும்போது காற்று பின்னால் தள்ளும் மாதம் எது?

அப்படி ஒரு மாதத்தை நம்பிக் கிளம்ப முடியாது. ராமேஸ்வரத்திலிருந்து அந்த ரோடு தென்கிழக்காகப் போகிறது. கச்சான் தென்மேற்கிலிருந்து வீசும், வாடை வடகிழக்கிலிருந்து வரும். இரண்டுமே பக்கவாட்டில்தான் அடிக்கும். கச்சான் உச்சத்தில் மணல் பறந்து கண்ணில் விழும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தம்பிகளோடு போனால் ஒருவர் பின் ஒருவராக நேர்க்கோட்டில் ஓட்டாமல், காற்று வரும் பக்கத்தில் முன்னவரை விட்டு, மற்றவர்கள் அவருக்கு மறைவில் கொஞ்சம் சாய்வாக வரிசை கட்டுங்கள். வண்டிகள் வரும் நேரத்தில் இதைச் செய்ய முடியாது. அதனால் விடியும்போதே கிளம்புங்கள். வழியில் நிழலும் இல்லை.

உச்சிப்புளி, ஒரு தாய்: பன்னிரண்டு வயதுப் பையன் கியர் வண்டி கேட்கிறான்.

வாங்கிக் கொடுங்கள் அக்கா. வயதைப் பார்க்காமல் உயரத்தைப் பாருங்கள். சட்டத்தின் மேல்கம்பிக்கு இருபுறமும் காலை ஊன்றி நிற்கும்போது இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும், கம்பி இடிக்கக் கூடாது. 24 அங்குலச் சக்கரம் சரியாக இருக்கும். வளர்ந்துவிடுவான் என்று பெரிதாக எடுத்தால் ஓட்டவே பயப்படுவான். ஹெல்மெட்டையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

மூக்கையூர்: இரவில் ஹெட்லைட் கட்டிக் கடற்கரையில் ஓட்ட ஒரு குழு சேர்க்கிறோம். வருகிறீர்களா?

வரமாட்டேன். உங்களையும் வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்வேன். ஜனவரி முதல் பங்குனிச் சித்திரை வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடக் கரையேறும். வெளிச்சம் பட்டால் தாய் ஆமை திரும்பிப் போய்விடும், குஞ்சுகள் கடலுக்குப் பதில் வெளிச்சத்தைப் பார்த்து நடக்கும். மேட்டு மணலில் டயர் ஏறினால் புதைத்த முட்டையும் போகும்.

பகலிலும் ஒரு விஷயம். வலை காயப்போட்டிருந்தால், கருவாடு விரித்திருந்தால், இறங்கித் தள்ளிக்கொண்டு சுற்றிப் போங்கள். கரைவலை இழுக்கும்போது கயிற்றைத் தாண்டாதீர்கள், நின்று காத்திருங்கள். அந்தக் கரை அவர்களின் பிழைப்பு நடக்கும் இடம். நான் பல வருடமாக இப்படித்தான் போகிறேன். இப்போது அவர்களே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கிறார்கள், எந்தப் பக்கம் மணல் இறுகியிருக்கிறது என்று சொல்கிறார்கள்.

திருப்பாலைக்குடி, பதினேழு வயது: அண்ணே, ரேஸில் ஓட்ட வேண்டும். இங்கிருந்து முடியுமா?

முடியும் தம்பி. ஒலிம்பிக்கில் 1996 முதல் இருப்பது கிராஸ்கன்ட்ரி. ஒரு சுற்றுப்பாதையில் பலமுறை ஏறி இறங்குவது. 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பொன்முடியில்தான் நடந்தது, ரொம்பத் தூரமில்லை. நீங்கள் ஜூனியர் பிரிவு. அந்த வருடத்தில் 17 அல்லது 18 முடிக்கிறவர்கள் அதில் வருவார்கள். மாநிலச் சங்கத்தின் தேர்வுப் போட்டி வழியாகத்தான் தேசியப் போட்டிக்குப் போக முடியும். பிறந்த தேதிச் சான்றை இப்போதே சரிபார்த்து வையுங்கள்.

மூச்சுக்கும் காலுக்கும் பயிற்சி இங்கேயே கிடைக்கும். எதிர்காற்றில் நான்கு நிமிடம் முழு மூச்சாக, மூன்று நிமிடம் மெதுவாக. இப்படி நான்கு முறை, வாரத்தில் இரண்டு நாள். இன்னொரு நாள் கண்மாய்க் கரையில் உட்காராமல் நின்று மிதித்துப் பத்து முறை ஏறி இறங்குங்கள். பறவைகள் கூடு கட்டும் சரணாலயக் கண்மாய்களுக்கு மட்டும் போக வேண்டாம்.

இங்கே கிடைக்காதது இறக்கம். கல்லும் வேரும் நிறைந்த சரிவில் பிரேக் பிடிப்பது மணலில் கற்கக்கூடியது இல்லை. ரேஸுக்கு முன் நான்கைந்து நாளாவது சிறுமலைப் பக்கமோ கொடைக்கானல் பக்கமோ தங்கி, தெரிந்தவர்களோடு ஓட்டுங்கள். முதல் இரண்டு நாள் வேகமே வேண்டாம். டயர் அழுத்தத்தை மணல் அளவிலேயே வைத்துக்கொண்டு கல்லில் இறங்காதீர்கள். கியர் தொங்கும் ஹேங்கர் துண்டு ஒன்று உபரியாகப் பையில் இருக்கட்டும். விழுந்தால் முதலில் வளைவது அதுதான். உங்கள் வண்டிக்கு உரியது மலையடிவாரத்துக் கடையில் கிடைக்காது.