சான்றிதழ்களை இணைக்க எந்த மென்பொருள்?

கேள்வி: மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காக மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி, 1 எம்பிக்குள் பதிவேற்ற வேண்டும். இணையதளங்களிலேயே இலவசமாகச் செய்துகொள்ளலாமா, அல்லது கணினியில் நிறுவும்படியான இலவச மென்பொருள் உண்டா? – ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: கணினியில் நிறுவிக்கொள்வதே நல்லது. இணையதளத்தில் இணைக்கும்போது உங்கள் கோப்பு பெரும்பாலும் வேறு யாருடைய கணினிக்கோ போய்த் திரும்புகிறது. சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று அவர்கள் எழுதி வைத்திருந்தாலும், அழித்தார்களா என்று நாம் போய்ப் பார்க்க முடியாது. பெயர், பிறந்த தேதி, முகவரி, ஆதார் எண் எல்லாம் ஒரே கட்டாக இருக்கும் தாள்களை அப்படி அனுப்ப எனக்கு மனம் வராது. உங்கள் மகளின் தாள்களையும் அனுப்ப வேண்டாம் என்றே சொல்வேன்.

பிடிஎஃப் முறையை அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டது. 2008இல் அது ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டது. விவரக்குறிப்பு பொதுவில் இருப்பதால், அந்நிறுவனத்தின் மென்பொருளை நம்பாமல் பிறரும் கருவிகள் எழுத முடிகிறது. அவற்றுள் மூல நிரலும் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருள்களையே நான் முதலில் தேடுவேன். உங்கள் வேலைக்குப் பிடிஎஃப் அரேஞ்சர் போதும். பக்கங்கள் சிறு படங்களாகத் தெரியும். இழுத்து வரிசை மாற்றலாம், பக்கவாட்டில் கிடப்பதை நிமிர்த்தலாம், வேண்டாததை நீக்கலாம். நீளமான கோப்புகளைப் பக்க எண் சொல்லிப் பிரிக்கவும் சேர்க்கவும் பிடிஎஃப்சாம் பேசிக் வசதியானது. ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கிய ஆதார் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும்: ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்துகள் பெரிய எழுத்தில், அதைத் தொடர்ந்து பிறந்த ஆண்டு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். மின் கையொப்பமிட்டு வழங்கப்பட்ட சான்றிதழை வேறொன்றோடு இணைத்தால் உருவாவது புதிய கோப்பு; அதில் அந்தக் கையொப்பம் செல்லாது. ஆகவே மூலக் கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

இனி அளவு. பெரிய கோப்பைச் சுருக்கப் போராடுவதைவிட, ஸ்கேன் செய்யும்போதே அளவைக் கவனிப்பது எளிது. ஏ4 தாளை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) எடுத்தால் ஏறத்தாழ 87 லட்சம் படப்புள்ளிகள் வரும். 150 டிபிஐயில் 22 லட்சம்தான். என் தந்தையின் ஓய்வூதியத் தாள்களை முதல்முறை வண்ணத்தில், 300 டிபிஐயில் எடுத்து, எந்த விண்ணப்பத்திலும் ஏற்ற முடியாமல் தவித்த பிறகே இது எனக்கு உறைத்தது. நாப்ஸ்2 என்ற கட்டற்ற ஸ்கேனர் மென்பொருளில் 150 டிபிஐ, சாம்பல் நிறம் என்று அமைத்து மறுபடி எடுங்கள். வண்ணத்தில்தான் வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் டிபிஐயை மட்டும் குறையுங்கள். முத்திரையும் கையெழுத்தும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

கேள்வி: தமிழ்ப் பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வருகின்றன. எந்த மென்பொருளில் திறந்தால் சரியாக வரும்? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பழுது கோப்பில் இருப்பதால், திறக்கும் மென்பொருளை மாற்றிப் பயனில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தார்கள். அதனால் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரியும் சொல், கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கிறது. நகலெடுத்தால் அதுவே வெளியே வரும். எந்த எழுத்துரு என்பதைக் கோப்பின் பண்புகள் பகுதியில் பார்த்து, அதற்குரிய எழுத்துரு மாற்றியில் கொடுத்தால், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோடில் தமிழ் கிடைத்துவிடும்.

யுனிகோடு எழுத்துருவில் செய்த கோப்பும் சில நேரம் இப்படிச் சிதறும். 'கொ' என்பதில் கொம்பு முன்னால் வரையப்பட்டாலும் கணினி 'க'வை முதலில் வைத்தே சேமிக்கிறது. பிடிஎஃப் ஆக்கும்போது அந்த வரிசை பதிவாகாவிட்டால், நகலில் கொம்பு இடம் மாறி நிற்கும். அப்போது, படத்தில் தெரியும் எழுத்துகளைப் படித்து உரையாக்கும் எழுத்துணரியே வழி. டெசராக்ட் என்ற கட்டற்ற எழுத்துணரிக்குத் தமிழ்த் தரவு இருக்கிறது. முன் பதிலில் சொன்ன நாப்ஸ்2விலேயே தமிழைத் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளலாம். இந்த வேலைக்கு மட்டும் 300 டிபிஐ வேண்டும். அங்கே சொன்ன 150 இங்கே போதாது. முடிந்ததும் வரிக்கு வரி மெய்ப்புப் பாருங்கள். 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோல் இருப்பதால், அந்த இடங்களில் பிழை நுழையும்.

கேள்வி: பிடிஎஃப் படிவத்தை அச்செடுக்காமலே நிரப்ப முடியுமா? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முடியும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் கோப்பைத் திறந்தாலே கட்டங்களை நிரப்பலாம். கட்டமில்லாத இடத்திலும் எழுத்தைச் சேர்க்கலாம், கையெழுத்தின் படத்தை ஒட்டலாம்.

கேள்வி: ஆதார் எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து அனுப்பினால் பாதுகாப்பா? – ஒரு வாசகி, சேலம்

பதில்: இல்லை. கட்டம் மேலே நின்றாலும் எண் அடியிலேயே இருக்கும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், பெரும்பாலும் எண் அப்படியே வந்து விழும். லிப்ரெஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளில் தகவலை மறைப்பதற்கென்றே தனி வசதி இருக்கிறது. பக்கத்தையே படமாக்கிச் சேமிப்பதால் அடியில் எதுவும் மிஞ்சாது. ஆதாருக்கு இதைவிட எளிய வழியும் உண்டு: ஆணையத்தின் தளத்தில் இறக்கும்போதே, கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.