தினம் பத்து வார்த்தை

அன்புள்ள ஐயா,

வணக்கம். விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள் நான். சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் பில்லிங் செய்யும் ஒரு கம்பெனியில் ஏ.ஆர். காலராக, அதாவது வராத பில் பணத்துக்காக இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு போன் செய்பவளாகச் சேர்ந்து, இப்போது டீம் லீடாக இருக்கிறேன். கிளையண்ட்டுக்கு மெயில் எழுதுவதும், பணம் தர மறுத்த இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும் அப்பீல் கடிதங்களைச் சரிபார்ப்பதும் என் வேலை. என் ஆங்கிலம் போதாது என்ற பயத்தில், இரண்டு வருடங்களாக, அமெரிக்காவில் மேல்படிப்புக்குச் சேர எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வுக்கான பட்டியல் ஒன்றிலிருந்து தினம் பத்து வார்த்தைகளைத் தமிழ் அர்த்தத்தோடு மனப்பாடம் செய்து வருகிறேன்.

போன மாதம் ஒரு மெயிலில் எங்கள் டீமைப் பாராட்டி, ‘குறித்த நேரத்தில் வேலையை முடிப்பதில் நொட்டோரியஸ்’ என்று எழுதிவிட்டேன். என் நோட்டில் அதற்கு ‘பெயர்பெற்ற’ என்று இருந்தது. மேனேஜர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டினார். சிரித்தார்கள். அன்றிலிருந்து புது வார்த்தை எதையும் எழுதப் பயமாக இருக்கிறது.

இரண்டு வருடம் படித்ததெல்லாம் வீணா? சசி தரூர் அளவுக்கு வேண்டாம், ஆனால் உயர்ந்த வார்த்தைகளைச் சரியான இடத்தில் எழுத என்ன செய்ய வேண்டும்? பதினொன்றாவது படிக்கும் என் தம்பியிடம் இந்தப் பட்டியலைக் கொடுக்கலாமா?

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகி, சென்னை

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த மெயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நோட்டில் இருந்தது பாதி உண்மை. நொட்டோரியஸ் என்றால் கெட்ட விஷயத்துக்குப் பெயர்பெற்ற என்று அர்த்தம். பட்டியல் போட்டவர் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று சுருக்கும்போது அந்தக் ‘கெட்ட’வை வெட்டிவிட்டார். நீங்கள் படித்ததைப் படித்தபடியே எழுதினீர்கள். தனியாகக் கூப்பிட்டு ஒரு நிமிடத்தில் சொல்லித் திருத்தியிருக்க வேண்டியதை உங்கள் மேனேஜர் எல்லோர் முன்னாலும் வாசித்தது சரியில்லை. தமிழ் வழியில் படித்து, வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் விடாமல் படிக்கிற ஒருவர் இதனால் எழுதுவதை நிறுத்தினால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

ஆனால் அந்தப் பட்டியலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஜி.ஆர்.இ. தேர்விலேயே எதிர்ச்சொல் கேட்கும் கேள்விகளையும், இந்தச் சொல்லுக்கு அது என்றால் அந்தச் சொல்லுக்கு எது என்ற வகைக் கேள்விகளையும் 2011 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சொல்லறிவைச் சோதிப்பதெல்லாம் ஒரு வாக்கியத்தையோ பத்தியையோ கொடுத்து, விடுபட்ட இடத்தில் பொருந்துவது எது என்று கேட்டுத்தான். அங்கே கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வும் 2016இல் அபூர்வச் சொற்களைக் கைவிட்டது. தேர்வு நடத்துகிறவர்களே விட்டுவிட்ட முறையை நம் ஊரில் இன்னும் நோட்டுப் போட்டு உருப்போட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்சூரன்ஸிடம் பணம் கேட்டு அனுப்புகிற கிளெய்மில், ரிஜெக்ட் ஆன கிளெய்மும் டினை ஆன கிளெய்மும் ஒன்றா? ஆங்கிலம்-தமிழ் அகராதியில் இரண்டுக்கும் ‘மறு’, ‘நிராகரி’ என்ற மாதிரிதான் போட்டிருக்கும். உங்கள் அலுவலகத்தில் அப்படிச் சொன்னால் வேலை கெட்டுவிடும். பிறந்த தேதியோ மெம்பர் ஐ.டி.யோ தவறாக இருந்து, பரிசீலனைக்கே போகாமல் திரும்பி வந்தால் ரிஜெக்ட்; திருத்தி மறுபடி அனுப்பலாம். இன்சூரன்ஸ்காரர் எடுத்துப் பார்த்து, பணம் தர முடியாது என்று முடிவு செய்தால் டினையல். காரணத்தைப் படித்துப் பெரும்பாலும் அப்பீலுக்குப் போக வேண்டும். இந்த வித்தியாசத்தை நீங்கள் எந்தப் பட்டியலிலும் படிக்கவில்லை. நூற்றுக்கணக்கான கிளெய்மில் அந்தச் சொற்களைப் பார்த்தீர்கள், போனில் கேட்டீர்கள், நீங்களே சொன்னீர்கள். நடுராத்திரி ஷிஃப்டில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாகச் சொல்ல மாட்டீர்கள். சொல்லைச் சூழலில் கற்பது என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதை நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறீர்கள். மற்ற சொற்களையும் அதே வழியில் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

தமிழில் நமக்கு இது இயல்பாகவே வருகிறது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதுகிறோம். ‘ஆழ்ந்த வாழ்த்து’ என்று யாரும் எழுதுவதில்லை. மழை கனமாகப் பெய்யும், காற்று பலமாக அடிக்கும், கண்டனம் மட்டும் கடுமையாக இருக்கும். சாப்பிட்டான், தின்றான், உண்டான், புசித்தான் நான்குக்கும் செயல் ஒன்றுதான். ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் ‘தின்றீர்களா’ என்று கேட்க மாட்டோம். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கேட்டுக் கேட்டு வந்தது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். ஸ்ட்ராங் டீ உண்டு, பவர்ஃபுல் டீ கிடையாது. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் அறிய முடியும் என்று பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே.ஆர். ஃபர்த் 1957இல் எழுதினார். அவர் வழியில் வந்த ஜான் சின்கிளேர், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் லட்சக்கணக்கான சொற்கள் கொண்ட உண்மையான ஆங்கில எழுத்தையும் பேச்சையும் கம்ப்யூட்டரில் சேர்த்து, எந்தச் சொல் எதனோடு வருகிறது என்று தேடிப் பார்த்தார். செட் இன் என்ற சாதாரணத் தொடருக்குப் பல அகராதிகளில் ‘தொடங்கி நிலைகொள்வது’ என்ற மாதிரிதான் பொருள் இருக்கும். அவர் பார்த்த உதாரணங்களிலோ அழுகல், விரக்தி, நோய்த்தொற்று என்று பெரும்பாலும் வேண்டாதவையே அப்படி வந்தன. மகிழ்ச்சி செட் இன் ஆவது அரிது. இலக்கணப்படி அதில் பிழை இல்லை, ஆனால் படிப்பவருக்கு உறுத்தும். நொட்டோரியஸ் விஷயத்தில் நடந்ததும் இதேதான். அந்த ஆய்விலிருந்து 1987இல் கோபில்ட் அகராதி வந்தது. அதில் பொருளையே முழு வாக்கியமாக எழுதியிருப்பார்கள். சொல் எப்படிப்பட்ட ஆளோடு, எப்படிப்பட்ட விஷயத்தோடு வரும் என்பது விளக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அதனால் ஆங்கிலம்-தமிழ் அகராதியை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, கற்பவர்களுக்கென்றே எழுதிய ஆங்கில அகராதியை முதலில் எடுங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ.எஸ். ஹார்ன்பி, சக ஆசிரியர்களோடு சேர்ந்து அங்குள்ள மாணவர்களுக்காகத் தயாரித்தது ஒன்று 1942இல் வந்தது. அதைத்தான் 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவருக்கு எங்கே தடுக்கும் என்று அறிந்தவர்கள் செய்த வேலை அது. இன்று இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஃபார்மல், இன்ஃபார்மல், டிஸ்அப்ரூவிங் (குறை சொல்லும் தொனி) என்று சின்ன எழுத்தில் குறிப்பு இருக்கும். அதற்குக் கீழே உதாரண வாக்கியங்கள் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

ஒரு சொல்லை எடுத்துப் பார்ப்போம். உங்கள் அப்பீல் கடிதங்களில் சப்ஸ்டான்ஷியேட் என்ற வினை நிச்சயம் கண்ணில் பட்டிருக்கும். பட்டியலில் ‘நிரூபி’ என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி ‘நான் நல்லவள் என்று சப்ஸ்டான்ஷியேட் செய்வேன்’ என்று எழுதினால் விழும். கடிதங்களில் அது எப்படி வருகிறது என்று கவனியுங்கள். யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் ஆவணம், மெடிக்கல் ரெக்கார்ட், சாட்சியம். எதை? ஒரு கிளெய்மை, ஒரு குற்றச்சாட்டை, ஒரு கூற்றை. முடிந்த முடிவாக நிறுவுவதற்கு புரூவ் இருக்கிறது; இது ஆதாரம் காட்டி வலு சேர்ப்பது. அப்புறம் பேப்பரைத் திறந்தால் இதே சொல் எதிர்மறையாக, ஆதாரமில்லாத வதந்தி, ஆதாரமில்லாத புகார் என்ற இடங்களில் அன்சப்ஸ்டான்ஷியேட்டட் என்று நிற்கும். அலுவலகத்தில் ஒரு தடவை, செய்தியில் இரண்டு தடவை பார்த்துவிட்டால் அதன் சுபாவம் பிடிபட்டுவிடும். வீட்டில் அம்மாவிடம் பேசும்போது இது வராது என்பதும் தானாகவே தெரியும்.

இப்படி ஒரு சொல்லுக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். ஆகட்டும். தினம் பத்தை விட்டுவிட்டு, வாரம் நான்கைந்து போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் சொல்லைத் தனியாக எழுத வேண்டாம். கண்ட வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள், எங்கே கண்டது என்றும் எழுதுங்கள். தமிழ் அர்த்தத்தைக் கடைசியில், பென்சிலில். அதே சொல் வேறு இடத்தில் வந்தால் அந்த வாக்கியத்தையும் கீழே சேருங்கள். இரண்டு மூன்று சேர்ந்த பிறகு நீங்கள் எழுதுங்கள். முதல் தடவை எழுதும்போது சொல்லை மட்டும் எடுக்காமல், முன்னும் பின்னும் வரும் சொற்களோடு தொடரையே கடன் வாங்குங்கள். மறதியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் தன்னையே சோதித்து, கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுவதைக் காட்டினார். மறுநாள், சில நாள் கழித்து, இரண்டு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டு நோட்டைப் புரட்டினால் நிற்கும்.

எந்தச் சொற்களை என்று கேட்பீர்கள். நியூசிலாந்தில் மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில், பல துறைக் கல்வி நூல்களையும் அலசி 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த சொற்களும் ஒரு குடும்பம்) தொகுத்தார். கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அவைதான். எஸ்டாப்லிஷ், இண்டிகேட், சிக்னிஃபிகன்ட் போன்ற, பார்த்தால் பெரிதாகத் தெரியாத சொற்கள். உங்கள் மெயிலுக்கும் அப்பீலுக்கும் தேவைப்படும் உயர்ந்த ஆங்கிலம் பெரும்பாலும் இந்த நடுத்தட்டில் இருக்கிறது. இவையும் ஒரு பட்டியல்தான், ஆனால் மனப்பாடத்துக்காக அல்ல. படிக்கும்போது எதைக் கவனிப்பது என்று காட்டும்.

சசி தரூரைச் சொன்னீர்கள். 2017இல் அவர் ட்விட்டரில் ஃபராகோ (குழப்பமான கலவை) என்று எழுதியதும் ஊரே அகராதியைப் புரட்டியது. அவர் அதைத் தனியாக வீசவில்லை. திரிபுகளும் பொய்களும் கலந்த ஃபராகோ என்று, அந்தச் சொல் வழக்கமாக வருகிற அமைப்பிலேயே எழுதினார். நிறையப் படித்தவருக்கு அது வரும். அதற்காக நாம் சாதாரணச் சொல்லை எடுத்துவிட்டுப் பெரிய சொல்லைச் செருக வேண்டியதில்லை. பிரின்ஸ்டனில் இருந்த உளவியலாளர் டேனியல் ஓப்பன்ஹைமர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தேவையில்லாமல் நீண்ட சொற்களைப் போட்ட எழுத்தைப் படித்தவர்கள், எழுதியவரின் அறிவைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். அதனால் சின்ன வார்த்தைகளை வைத்து மெயில் எழுதுவதைக் குறையாக நினைக்காதீர்கள்.

இரண்டு வருட உழைப்பு வீணா என்றால், இல்லை. எழுதும் சொற்களைவிடப் படித்தால் புரியும் சொற்கள் எவருக்கும் பல மடங்கு அதிகம். நாவலையோ செய்தித்தாளையோ பிறர் உதவியில்லாமல் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது மொழியாசிரியர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்கு. உங்கள் நோட்டில் இருப்பவை அந்தக் கணக்கில் சேரும். படிக்கும்போது ‘இது எங்கோ பார்த்ததாச்சே’ என்று கண் நிற்கும். அந்த நிற்றலே பெரிய உதவி. எழுதுவதற்கு மட்டும் அவசரப்பட வேண்டாம்.

தம்பியிடம் பட்டியலைக் கொடுக்காதீர்கள். அவனுக்குக் கிரிக்கெட் பிடிக்கும் என்றால், இரவு டி.வி.யில் பார்த்த மேட்சைப் பற்றி மறுநாள் ஆங்கிலப் பேப்பரில் வரும் விளையாட்டுப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். யார் எப்போது அவுட் ஆனார்கள் என்று அவனுக்கே தெரியும். இருபது ரன்னுக்குள் ஐந்து விக்கெட் போனதைக் கண்ணால் பார்த்தவனுக்கு கொலாப்ஸ் என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. கிரிக்கெட் பிடிக்காதவன் என்றால் அவனுக்குப் பிடித்தது எது என்று எனக்கு எழுதுங்கள், அதற்கேற்ப யோசித்துச் சொல்கிறேன்.