ஐந்து மையங்கள், ஒரே படிவம்

கேள்வி: ஒரே பிராந்தியத்தில் ஐந்து சிறிய பாலியேட்டிவ் கேர் (கடும் நோயில் வலியையும் அவதியையும் தணிக்கும் சிகிச்சை) மையங்கள் இருக்கிறோம். தனித்தனியே ஆராய்ச்சி செய்ய நோயாளிகளின் எண்ணிக்கை போதவில்லை. கூட்டமைப்பாகச் சேரலாம் என்று நினைக்கிறோம். ஓர் ஆலோசனை நிறுவனம், "மென்பொருள், ஒப்பந்தம், எதிக்ஸ் கமிட்டியின் (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி, கட்டுரை வெளியீடு எல்லாம் எங்கள் பொறுப்பு" என்கிறது. ஒப்புக்கொள்ளலாமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கூட்டாகச் செய்ய நினைப்பது மிகச் சரி. நிறுவனத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இப்போது உங்களுக்கு வேண்டியது ஐந்து மையங்களும் ஒரே மாதிரி நிரப்பக்கூடிய ஒரு பக்கப் படிவம்.

ஏன் கூட்டு என்பதற்கு ஓர் உதாரணம். மூச்சுத் திணறலுக்கு ஆக்சிஜன் வைப்பது நமக்கெல்லாம் கைப்பழக்கம். ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகம் குறையாதவர்களுக்கு, குழாய் வழியே வரும் சாதாரணக் காற்றைவிட அது கூடுதலாக உதவுகிறதா? 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, உதவவில்லை என்று காட்டியது. அதைச் சொல்ல 239 நோயாளிகள் தேவைப்பட்டார்கள். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன் என மூன்று நாடுகளில், ஒன்பது இடங்களில் சேர்த்தார்கள். நம் நோயாளிகளில் பலர் ஆய்வு முடிவதற்குள் பேனா பிடிக்க முடியாத அளவுக்குத் தளர்ந்துவிடுவார்கள், சிலர் இறந்துவிடுவார்கள். எத்தனை பேரைச் சேர்ப்பது என்று கணக்குப் போடும்போதே இதையும் சேர்த்துப் போட வேண்டும். அதனால்தான் ஒற்றை மையத்தால் முடிவதில்லை.

சரி, படிவத்துக்கு வருவோம். ஐந்து மையங்களின் கேஸ் ஷீட்டுகளை ஒரே மேசையில் விரித்துப் பாருங்கள். ஓரிடத்தில் வலிக்கு 0 முதல் 10 வரை எண் இருக்கும். இன்னோரிடத்தில் சிரித்த முகம், அழுத முகம். மூன்றாவதில் நர்ஸ் தன் கைப்பட "ராத்திரி தேவலை" என்று எழுதியிருப்பார். ஒருவர் "இப்போது வலி எவ்வளவு?" என்று கேட்டிருப்பார், மற்றவர் "இந்த வாரம் எப்படி?" என்று. இவற்றை எந்த மென்பொருளாலும் கூட்டிக் கழிக்க முடியாது. எட்மன்டன் அறிகுறி அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். வலி, களைப்பு, குமட்டல் என்று ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண், "இப்போது எப்படி இருக்கிறது?" என்ற ஒரே காலம்.

அதோடு, பதில் சொன்னது யார் என்பதற்கு ஒரு கட்டம் போடுங்கள். தலைமாட்டில் நின்ற மகள் "எட்டு" என்றார். படுத்திருந்த அம்மா போர்வைக்கு வெளியே மூன்று விரல்களைக் காட்டினார். படிவத்தில் எட்டுதான் ஏறியது. இதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், இன்றும் மனசு ஆறவில்லை.

இனி அந்த நிறுவனம். ரெட்கேப் என்ற தரவு சேகரிப்பு மென்பொருளை, அதன் கூட்டமைப்பில் சேரும் லாப நோக்கற்ற நிறுவனங்களுக்கு இலவசமாகவே தருகிறார்கள். பக்கத்தில் ஏதாவது பல்கலைக்கழகம் வைத்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பல வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு குழு இதை விசாரிக்காமல் ஓர் இடைத்தரகரிடம் கையெழுத்துப் போட்டது. ஒப்பந்தம் முடிந்ததும், எங்கள் நோயாளிகளின் விவரங்களை எங்களுக்கே திருப்பித் தரத் தனிக் கட்டணம் கேட்டார்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததாம். அதனால் மூன்று விஷயங்கள் எழுத்தில் இல்லாமல் கையெழுத்து வேண்டாம்: தரவு மையங்களுக்கே சொந்தம், விலகும் மையம் தன் தரவை எடுத்துப்போகலாம், யார் கேட்டாலும் ஐந்து மையங்களும் சேர்ந்த பொதுக்குழுவின் சம்மதமின்றி வெளியே போகாது. கட்டுரை வெளியீட்டுக்கும் நாங்களே பொறுப்பு என்பவர்களிடம் இன்னும் கவனம் தேவை. காசு வாங்கிக்கொண்டு, எந்த நிபுணரும் படித்துப் பார்க்காமலே அச்சேற்றும் போலி இதழ்கள் நிறைய உண்டு. அதில் ஒருமுறை வந்துவிட்டால் அந்த நோயாளிகள் கொடுத்த நேரம் வீண்.

எதிக்ஸ் அனுமதி பற்றி ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும், பலரும் வழுக்குவது இங்கேதான். உங்கள் சிகிச்சையின் தரத்தை நீங்களே சரிபார்க்கும் தணிக்கைக்குப் பல இடங்களில் முழு அனுமதி கேட்பதில்லை. உடனே எல்லாவற்றுக்கும் "தணிக்கை" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். உங்கள் மையத்தில் எத்தனை பேருக்கு மார்ஃபினோடு மலமிளக்கியும் எழுதினார்கள் என்று எண்ணினால், அது தணிக்கை. ஐந்து மையங்களின் விவரங்களையும் எடுத்து, எந்த மலமிளக்கி நன்றாக வேலை செய்கிறது என்று ஒப்பிட்டால், அது ஆராய்ச்சி. நோயாளியிடம் வழக்கத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டாலும் அது ஆராய்ச்சி ஆகிவிடலாம். சந்தேகம் என்றால் ஒரு பக்கக் கடிதம் எழுதி, இது எந்த வகை என்று எதிக்ஸ் கமிட்டியிடமே எழுத்தில் வாங்குங்கள். தரவு சேர்த்த பிறகு போய்க் கேட்காதீர்கள்.

ஒரே ஆய்வுக்கு ஐந்து கமிட்டிகள், ஐந்து விண்ணப்பங்கள், ஒப்புதல் படிவத்தில் ஆளுக்கொரு திருத்தம். வாரக்கணக்கில் வாழ்நாள் எஞ்சியிருக்கும் மனிதர்களைப் பற்றிய கோப்பு மாதக்கணக்கில் மேசையில் கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கமிட்டி ஆராய்ந்து ஒப்புக்கொண்டதை மற்ற நான்கும் ஏற்கும்படி முதலிலேயே உடன்பாடு கேளுங்கள். மறுப்பார்கள், திரும்பவும் கேளுங்கள்.

முதல் கூட்டத்துக்கு மருத்துவர்கள் மட்டும் வந்தால் போதாது. ஐந்து மையங்களின் நர்ஸ்களையும் கூப்பிடுங்கள், அவரவர் நிரப்பும் படிவத்தை எடுத்து வரச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்த ஒரு பக்கத்தை முடிவு செய்தாலே போதும்.