கண்டளவே தோற்றவர்கள்

கேள்வி: நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது என் மனைவி ஒரு பார்வை பார்த்தால் போதும், சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்காமலே எழுந்துவிடுகிறேன். சிறு வயதில் அம்மாவின் முறைப்புக்கும் இப்படித்தான் அடங்கினேன். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். ஒரு சொல்கூட இல்லாத பார்வைக்கு இத்தனை அதிகாரம் எங்கிருந்து வருகிறது? பதிலுக்கு நாமும் முறைத்தால் என்ன? (ஒரு வாசகர், கம்பம்)

பதில்: உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, ஒன்றைத் தவிர. அந்தப் பார்வை விழுந்த நேரத்தில் நீங்கள் எந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். கம்பத்துக்காரர் என்பதால் நானே ஊகிக்கிறேன், தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழகத்தில் 2003 ஆம் ஆண்டு லாட்டரி விற்பனைக்குத் தடை வந்த பிறகு, நம் பள்ளத்தாக்கின் ஆண்களில் ஒரு சாராருக்குக் கேரள எல்லையிலுள்ள குமுளிக்கு மலைப்பாதையில் ஏறுவதற்கு ஏலக்காயைத் தவிர இன்னொரு காரணமும் கிடைத்தது. கேரள அரசு 1967 ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் அந்தச் சீட்டு, சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் கடைவாசலில் பகிரங்கமாகத் தொங்குகிறது. இந்தப் பக்கம் இறங்கியதும் சட்டையின் உள்பைக்குள் ஒளிந்துகொள்கிறது. 2023 ஆம் ஆண்டின் ஓணம் பம்பர் என்ற பண்டிகைக் குலுக்கலில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு, தமிழகத்து நால்வர் கூட்டாகக் கேரள எல்லையூரான வாளையாறில் வாங்கிய சீட்டுக்கு விழுந்தபோது, நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் வேறு பேச்சே இல்லை. “அவர்களுக்கு விழவில்லையா?” என்று தொடங்கும் வாக்கியம் அன்று முதல் இங்கே நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. நீங்கள் முடிக்காமல் எழுந்த வாக்கியம் அதுவாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். “மறுபடியும் சீட்டு வாங்கினீர்களா?” என்று உங்கள் மனைவி வாய்திறந்து கேட்டால், உங்களிடம் பத்துப் பதில்கள் இருக்கின்றன. ஒரே ஒரு சீட்டுத்தான் என்பீர்கள். பாதிப் பணம் நண்பருடையது என்பீர்கள். உங்கள் அண்ணன் வாங்கவில்லையா என்று கேட்டுப் பேச்சை மாமனார் வீட்டு வாசலுக்கே கொண்டு போய்விடுவீர்கள். வெறும் பார்வைக்கு இந்த வழி எதுவும் செல்லாது. குற்றம் இன்னதென்று அது சொல்வதில்லை. ஆகையால் பதில் சொல்ல விரும்புகிறவர் குற்றப்பத்திரிகையையும் தாமே வாசித்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஓணச் சமயத்தில் குமுளியிலிருந்து கடைசிப் பேருந்தில் வீடு திரும்பினார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஐந்து நொடி இருக்கும். அதற்குள் அவர் 500 ரூபாய்ச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அதோடும் நிற்காமல், திராட்சைக்கு வாங்கிய முன்பணத்தில் ஒரு பகுதியைச் சித்தப்பா மகனுக்குக் கைமாற்றாகக் கொடுத்த கதையையும் ஒப்புவித்துவிட்டார். அந்த அம்மையார் பார்த்துக்கொண்டிருந்ததோ, வெள்ளைச் சட்டையில் நேந்திரங்காய் வறுவல் பட்ட எண்ணெய்க் கறையை.

அம்மாவின் முறைப்பு இதற்கெல்லாம் மூத்தது. 1985 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு மேசைமேல் விட்டார்கள். மேசையின் நடுவில் திடீரென்று பள்ளம் இருப்பதுபோல் தோன்றும், ஆனால் மேலே கெட்டியான கண்ணாடி போட்டிருக்கும். எதிர்ப்புறம் தாய் நின்று, ஒரு வார்த்தை பேசாமல், முகத்தால் மட்டும் செய்தி சொன்னார். தாய் சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 குழந்தைகள் அந்தப் பள்ளத்தைத் தாண்டி வந்தன. தாய் அஞ்சிய முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. கோப முகத்துக்கும் ஏறக்குறைய இதே கதிதான். பேச்சு வருவதற்கு முன்பே நாம் கற்றுக்கொண்ட பாடம் இது என்பதால்தான், நாற்பது வயதில் அதை மறந்துவிட்டதாக நடிக்க முடிகிறதே தவிர, மறக்க முடிவதில்லை. கண்ணாடி மேசையைக் காணாதவர்கள் உறவினர் வீட்டு முறுக்குத் தட்டை நினைத்துக்கொள்ளலாம். தட்டு நம் பக்கம் நீளும். கை பாதி வழி போகும். கண் மட்டும் அம்மாவின் முகத்துக்குத் திரும்பும். “வேண்டாம் அத்தை, இப்போதுதான் சாப்பிட்டேன்” என்று நம் வாய் தானாகவே சொல்லிவிடும். இத்தனைக்கும் அம்மா சிரித்துக்கொண்டேதான் அத்தையிடம் பேசிக்கொண்டிருப்பார்.

அப்பாக்களுக்கு இந்த நயம் கைவராது. மதிப்பெண் அட்டைக்கு மேலாக, மூக்குக்கண்ணாடிக்கும் மேலாக ஒரு பார்வை. அதற்குப் பின் அவர்கள் எப்படியும் சத்தம் போட்டுவிடுவார்கள், வேகம் குறைந்துவிடும்.

தாயின் பார்வைக்கும் மனைவியின் பார்வைக்கும் வேறுபாடு உண்டு. தாயின் பார்வை கை நீள்வதற்கு முன்பே வந்து தடுக்கிறது. மனைவியின் பார்வை எல்லாம் நடந்து முடிந்த பிறகு வந்து கணக்குக் கேட்கிறது. உங்கள் நண்பர்கள் இரண்டையும் ஒன்றாக்கி, மனைவிக்குப் பயந்தவன் என்று சிரிப்பதை நான் ரசிக்கவில்லை. மாமனார் திண்ணையிலும் மாமியார் அடுக்களையிலும் இருந்த வீடுகளில், கணவனிடம் குரலை உயர்த்துவதற்கு எந்த மருமகளுக்கும் இடம் இருந்ததில்லை. நாலு பேர் நடுவில் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்குக் கண்தான் இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தீட்டப்பட்ட ஒரு கருவி கூர்மையாக இருக்கிறது என்று வியப்பவர்கள், வாயை மூடிவைத்தது யார் என்று தங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும். இடையில் ஒரு செய்தி: “நோக்கு” என்ற பழைய சொல்லை நாம் ஏட்டில் விட்டுவிட்டோம், குமுளிச் சந்தையில் அது மலையாளத்தின் அன்றாடப் பேச்சு. அங்கே மலையாளப் பெண்ணை மணந்த நம் ஊர்க்காரர் ஒருவர், மனைவியின் பேச்சு தமக்குப் பாதிதான் புரிகிறது என்றும், நோக்கு முழுவதும் புரிந்துவிடுகிறது என்றும் என்னிடம் வருத்தப்பட்டார்.

தோற்பவர்கள் நீங்களும் நானும் மட்டும் இல்லை. நம் பள்ளத்தாக்குக்கு மேலே, இரு மாநிலங்களின் எல்லை மலையில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமியன்று, பளியன்குடி வழியாக நடந்தும் குமுளியிலிருந்து ஜீப்பிலும் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறோம். மதுரையை விட்டு வந்த கண்ணகி விண்ணுலகம் சென்ற இடம் அது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை முடிக்கும் வெண்பா, பாண்டியனின் தோல்வியை இரண்டாகப் பிரித்துச் சொல்கிறது. மேனியில் படிந்த புழுதி, விரிந்த கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு, கண்ணீர் ஆகியவற்றோடு அவள் நின்றதைக் “கண்டளவே தோற்றான்”. அவள் சொல் செவியில் பட்டதும் உயிரைத் தோற்றான். சிலம்பை உடைத்ததும் மணி தெறித்ததும் பாட்டில் விரிவாக வந்த பிறகும், வழக்கு எப்போது முடிந்தது என்று கேட்டால், வெண்பா அரசன் முன் அவள் வந்து நின்ற கணத்தைக் காட்டுகிறது. ஓர் அரசனே பார்த்த மாத்திரத்தில் தோற்றான் என்றால், 500 ரூபாய்ச் சீட்டோடு நிற்கும் நீங்கள் வாக்கியத்தை முடிக்காமல் எழுந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுந்தபோது சீட்டு கீழே விழாமல் இருந்திருந்தால் சரி.

பதிலுக்கு முறைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். திருமணமான புதிதில் ஒருமுறை நான் அதைச் செய்து பார்த்தேன். புருவத்தை நெரித்து, இமைக்காமல், உள்ளத்தில் இருந்த நியாயம் அனைத்தையும் கண்ணில் திரட்டிக்கொண்டு பார்த்தேன். என் மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்து, “கண்ணில் ஏதாவது விழுந்துவிட்டதா, ஊதிவிடட்டுமா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.