கடைவாய்ப்பல் வேரின் வளைவை அளப்பது: கேள்வி பதில்

பல்வேருக்குள் நரம்பு ஓடும் வேர்க்குழாயின் வளைவு பற்றிக் கொங்குப் பகுதியிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பெருந்துறை, பல் மருத்துவ மாணவி: அம்மா, ஒரே எக்ஸ்ரேயில் நானும் தோழியும் ஷ்னைடர் முறைப்படி அளந்தோம். எனக்கு 18 பாகை, அவளுக்கு 26. தவறு எங்கே?

ஷ்னைடர் 1971-இல் சொன்ன முறைக்கு இரண்டு கோடுகள் போதும். குழாயின் மேற்பகுதி நெடுக ஒன்று. குழாய் அதைவிட்டு விலகத் தொடங்கும் புள்ளியிலிருந்து வேர்நுனித் துளைக்கு மற்றொன்று. இடையிலுள்ள குறுங்கோணம் 5 பாகைக்குள் இருந்தால் நேர்வேர், 10 முதல் 20 வரை நடுத்தர வளைவு, 25 முதல் கடும் வளைவு. மெல்லச் சாயும் வேரில் அந்த விலகல் புள்ளியை ஆளுக்கோர் இடத்தில் வைப்பதால்தான் அளவு மாறுகிறது. மேலே தள்ளி வைத்தால் கோணம் குறையும். 15-ஆம் எண் ஃபைலை (குழாயைச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பிக் கருவி) குழாயில் வைத்து எடுத்த படத்தில் அளந்து பாருங்கள். தோழியோடு ஒப்பிடுவதற்கு முன், ஒரு வாரம் விட்டு உங்கள் அளவையே மறுபடி எடுத்துப் பாருங்கள்.

கோபிசெட்டிபாளையம், பல் மருத்துவர்: கீழ்க் கடைவாய்ப்பல்லின் முன்வேரில் படம் 15 பாகைதான் காட்டியது. ஆனாலும் நிக்கல் டைட்டானியம் ஃபைல் உள்ளேயே முறிந்தது. ஏன்?

முதலில், கோணம் மட்டும் வளைவைச் சொல்லிவிடாது. திம்பம் மலைப்பாதையில் பேருந்து ஓட்டுபவருக்கு, வண்டி எவ்வளவு திரும்புகிறது என்பதைவிட எவ்வளவு குறுகிய இடத்தில் திரும்புகிறது என்பதே பெரிது. 40 பாகைத் திருப்பம் 8 மி.மீ. ஆரத்தில் 5.6 மி.மீ. நீளத்துக்குப் பரவி நிற்கும், 2 மி.மீ. ஆரத்திலோ 1.4 மி.மீ.-க்குள் முடிந்துவிடும். நிமிடத்துக்கு 300 முறை சுழலும் ஃபைல், அந்தச் சிறு இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை நெரிபடுகிறது. ஆரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பதை ப்ரூயட்டும் உடன் ஆய்ந்தவர்களும் 1997-இல் தெளிவாக நிறுவினார்கள்.

அடுத்தது, எக்ஸ்ரே ஒரு நிழல். கன்னத்துப் பக்கமோ நாக்குப் பக்கமோ வளையும் குழாய் அதில் நேராகவே தெரியும். படத்தில் 15 பாகையும் அதற்குச் செங்குத்தான திசையில் 30 பாகையும் இருந்தால், இரண்டின் டேன்ஜென்ட் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள். அதுவே உண்மைக் கோணத்தின் டேன்ஜென்ட்: கோணம் ஏறத்தாழ 32.5 பாகை. நடுத்தரம் என்று எண்ணி நீங்கள் இறங்கிய வேர் கடும் வளைவுடையதாக இருந்திருக்கலாம்.

திருப்பூர், பனியன் கம்பெனி ஊழியர்: டாக்டரம்மா, என் பல்லின் வேர் வளைந்திருக்கிறதாம். பிடுங்கிவிடலாமா? ஸ்கேன் கட்டாயமா?

வளைவு மட்டுமே பல்லைப் பிடுங்கக் காரணமாகாது. கடைவாய்ப்பல் வேர்களில் வளையாதவைதான் குறைவு. சாதாரணப் படங்களில் விடை கிடைக்காதபோது மட்டும், அந்தப் பல்லை ஒட்டிய சிறு பகுதிக்குச் சிபிசிடி என்னும் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்தால் போதும். தேவையில்லாமல் கதிர்வீச்சு வாங்க வேண்டாம்.

ஈரோடு, பல் மருத்துவர்: சிபிசிடி வசதி அருகில் இல்லை. மேல் கடைவாய்ப்பல்லின் அண்ணப்பக்க வேரை எப்படி நம்புவது?

நேராகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள்; அதன் நுனி கன்னத்துப் பக்கம் வளைவது அடிக்கடி காண்பது. எக்ஸ்ரே குழலைப் பக்கவாட்டில் சுமார் 20 பாகை நகர்த்தி இரண்டாவது படம் எடுங்கள். அதற்கு முன், ஃபைலில் கோத்திருக்கும் ரப்பர் நிறுத்தியின் கூர்முனையைக் கன்னத்துப் பக்கம் திருப்பி வைத்து, 10-ஆம் எண் எஃகு ஃபைலை மெதுவாக வேர்நுனிவரை இறக்கி, திருகாமல் நேரே வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நுனியின் கடைசி 2, 3 மி.மீ. அந்தக் கூர்முனை காட்டும் பக்கமே மடங்கியிருந்தால், படம் மறைத்த வளைவு அதுதான்.