பால்கனியில் உரம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: மண் தரை கிடையாது, சின்ன பால்கனிதான். சமையலறைக் கழிவை உரமாக்க முடியுமா?

தாராளமாக. மூடியுள்ள 20 லிட்டர் வாளியில் பக்கத்திலும் அடியிலும் ஓட்டை போட்டு, கீழே தட்டு வையுங்கள். ஆனால் வாளி வாங்கும் முன்பே ஒரு மூட்டை காய்ந்த இலை சேர்த்துவிடுங்கள். பலர் வழுக்குவது அங்கேதான்.

கேள்வி: நாலே நாளில் நாற்றம், புழு. வீட்டில் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.

போடாதீர்கள், சரியாகிவிடும். காய்கறிக் கழிவில் பெரும்பங்கு தண்ணீர். அது அடியில் தேங்கினால் காற்று நுழையாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி அழுகல் வாடை கிளம்பும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி என்றால் நைட்ரஜன் கூடிவிட்டது. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஒரு கை கழிவுக்கு இரண்டு கை, கார்பன் நிறைந்த காய்ந்த இலை அல்லது கிழித்த அட்டை. அடிவரை கிளறிவிட்டு, ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். கை நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. புழுக்கள் ஈ இட்ட முட்டையிலிருந்து வந்தவை. கழிவைத் தின்னுமே தவிர உரத்தைக் கெடுக்காது. மேலே எப்போதும் இலைப் போர்வை இருந்தால் ஈ அண்டாது.

கேள்வி: இறைச்சி, எலும்பு போடலாமா?

சின்ன வாளியில் வேண்டாம். நோய்க்கிருமிகள் சாக 55 டிகிரி செல்சியஸ் சூடு மூன்று நாளாவது நிற்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் குவியல் தேவை.

கேள்வி: எனக்கு மூட்டு வலி. குனிந்து கிளற முடியவில்லை.

வருத்திக்கொள்ளாதீர்கள். கழிவை டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், வாடை வராது. வாரம் ஒருமுறை குடியிருப்பின் பொது உரத் தொட்டிக்குக் கொடுத்தனுப்புங்கள். பிரித்துக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி: குடியிருப்பில் பொதுத் தொட்டி வைத்தோம். பிளாஸ்டிக்தான் விழுகிறது.

தொட்டி எங்கே இருக்கிறது? பின்பக்க மூலையில் என்றால் இன்றே நகர்த்துங்கள். எல்லோரும் தினமும் நடக்கும் வழியில், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். எதைப் போடலாம் என்பதைப் படமாக ஒட்டுங்கள். இலை மூட்டை பக்கத்திலேயே இருக்கட்டும். தென் கொரியா 2005இல் உணவுக் கழிவை நேரடியாக நிலத்தில் புதைக்கத் தடை போட்டது. பிறகு எடைக்கேற்பக் கட்டணமும் வந்தது. சட்டம் போடும் அதிகாரம் உங்களிடம் இல்லை, அதனால் வசதிதான் ஆளை இழுக்க வேண்டும். கிளறுவதற்குச் சம்பளம் கொடுத்து ஒருவரை நியமியுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று விட்ட தொட்டி எதுவும் நிலைத்து நான் பார்த்ததில்லை.